முதல் கோடாலி

ஆக்டேவியா கப்பல் பாறையில் ஏறிய காலையில் அதில் வேலை செய்த குரு இனத்து ஆட்கள் முப்பது பேரும் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தார்கள். ஊர் திரும்பும் நாளில் குரு ஆள் வெறும் இடுப்புத் துணியோடு கரையிறங்க மாட்டான். பத்து மாதம் மூட்டை சுமந்த தோளில் கறுப்புக் கோட்டு ஏறும், தலையில் உயரத் தொப்பி ஏறும், சட்டையே இல்லாதவனும் கழுத்துப் பட்டையாவது கட்டிக்கொள்வான். கரையில் பெண்டாட்டி பார்ப்பாள். அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டுக்காரன் பார்ப்பான். அன்று ஈயக்குண்டுக் கயிற்றை வீசி ஆழம் பார்க்க வேண்டியவனும் கயிற்றைச் சுருட்டி வைத்துவிட்டு ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தான். மேஸ்திரி பிளாமோ அதைப் பார்த்தான். பத்து நிமிஷம்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டான்.

மற்ற நாளாக இருந்தால் கத்தித் தீர்த்திருப்பான். பத்தொன்பது வருடமாக ஆக்டேவியாவில் எந்தக் கயிறும் அவனுக்குத் தெரியாமல் சுருண்டதில்லை. சீமையில் கிளைட் ஆற்றங்கரையில் கட்டி முடித்து, சாயம் காயாத வாசனையோடு அது முதன்முதலாக இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அதில் ஏறியவன் அவன். முதல் நாள் காலையில் துரைமார் சவரத்துக்கு வெந்நீர் கொண்டுபோனான். பிளாமோ என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. அன்று முதல் கப்பலில் அவன் பெயர் சுடுதண்ணி. மேஸ்திரிக்கு அடுத்த நிலையில் இருந்தவன் பெயர் பட்டாணி சூப். வெள்ளைக்காரர்கள் பெயர் வைக்கும் அழகு அப்படி.

புதிதில் ஆக்டேவியாவின் சாப்பாட்டுக் கூடத்தில் சிவப்பு வெல்வெட் நாற்காலியும் ஒரு பியானோவும் இருந்தன. கவர்னர்கள் இரண்டு பேர் வந்தார்கள், பிஷப் ஒருவர் வந்தார். லிவர்பூலில் இருந்து அக்ரா வரைக்கும் விடாமல் அழுதுகொண்டே ஒரு கல்யாணப் பெண் வந்தாள். இரண்டு வருடம் கழித்துச் சிரித்துக்கொண்டே தனியாகத் திரும்பினாள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு இதைவிட வேகமான கப்பல்கள் வந்தன, துரைமார் அவற்றுக்கு மாறிக்கொண்டார்கள். பியானோவைக் கரையான் தின்றது. வெல்வெட் நாற்காலி இருந்த இடத்தில் பனை எண்ணெய்ப் பீப்பாய்கள் நின்றன. மேல்தட்டு முழுக்க ஃப்ரீடவுன் வியாபாரப் பெண்கள், துணி மூட்டை, கோழிக்கூடை, கைக்குழந்தை. கப்பலின் கௌரவம் போய்விட்டது என்று லிவர்பூலில் பேசிக்கொண்டார்களாம். உண்மையைச் சொன்னால், அந்தப் பெண்கள் ஏறிய பிறகுதான் அதில் மனிதர் சத்தமே கேட்டது.

மற்ற ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறை சொந்த ஊரான சேபோவில் இறங்கிக்கொள்வார்கள், ஊரிலிருந்து புது ஆட்கள் ஏறுவார்கள். பிளாமோ மட்டும் இறங்கியதில்லை. ஆள் மாற்றுகிற அந்த இரண்டு மணி நேரம் கரைக்குப் போவான். மனைவி மூனாவின் கையில் பெட்டியைக் கொடுப்பான், குழந்தைகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறார்கள் என்று தலையைத் தொட்டுப் பார்ப்பான், அரிசிச் சோறும் பனைக்குழம்பும் நின்றபடியே சாப்பிடுவான், சங்கு ஊதியதும் ஓடிவிடுவான். கப்பலில் முப்பது பேர் அவன் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். ஊரில் அவன் ஊர்த்தலைவர் வெசேவின் தம்பி, அவ்வளவுதான். இதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் மூனாவுக்குத் தெரியும்.

அந்த முறை லேகோஸில் காய்ச்சல் பரவியிருந்தது. இரண்டு துறைமுகத்தில் நிற்காமலே வந்ததால் கப்பல் மூன்று நாள் முந்தி வந்துவிட்டது. ஊரில் யாரும் எதிர்பார்க்கவில்லை. போதாக்குறைக்கு மாசி மாதத்துப் பாலைப் புழுதி வானத்தையும் கரையையும் ஒன்றாகப் பூசி மெழுகியிருந்தது. கேப்டன் ஹார்க்கர் புது ஆள், இந்தக் கரைக்கு அதுதான் முதல் தடவை.

"சுடுதண்ணி, உங்க ஊர் எங்கய்யா? ஒண்ணுமே தெரியலையே."

"அதோ புகை தெரியுதுல்ல தொரை? அதுதான். கப்பல் வந்தா மேட்டுல புகை போடுவாங்க. அதுக்கு நேராத்தான் பாறைக்கு நடுவுல வழி. மூக்கை அங்க திருப்புங்க."

"நிச்சயமா?"

"என் ஊரு தொரை. எனக்குத் தெரியாதா?"

கப்பல் புகையைப் பார்த்துத் திரும்பியது. கால் மணி நேரத்தில் அடிவயிற்றிலிருந்து ஒரு நீண்ட உறுமல் கேட்டது. தொப்பிகள் உருண்டன, கோழிக்கூடைகள் கவிழ்ந்தன, பெண்கள் இயேசுவைக் கூப்பிட்டார்கள். பிளாமோவின் உள்ளங்காலில் பத்தொன்பது வருடமாகத் துடித்துக்கொண்டிருந்த ஒன்று சட்டென்று நின்றது. தன் நெஞ்சே நின்றதாக ஒரு கணம் நினைத்தான்.

கடல் உள்வாங்கிக்கொண்டிருந்த நேரம். முன்பக்கம் இரண்டு தகடு பிளந்து உள்ளே தண்ணீர் வந்தது, ஆனால் பம்புகள் தாக்குப் பிடித்தன. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கடல் ஏற்றம். அதுவரை பாரத்தைக் குறைத்து, பின்பக்கம் நங்கூரம் போட்டு இழுத்தால் கப்பல் எழுந்துவிடும். கேப்டன் கணக்குப் போட்டுச் சொன்னார், பிளாமோவும் தலையாட்டினான். இருவருமே கரையைப் பார்த்தார்கள். புழுதி கொஞ்சம் விலகியிருந்தது. கரையில் முந்நூறு பேர் நின்றார்கள். கையில் கோடாலி.

பாறை பிடித்தது ஊருக்கு. அந்தக் கரையில் அதுதான் சட்டம். ஆட்களுக்குத் தீங்கு செய்ய மாட்டார்கள், சோறு போட்டு அனுப்புவார்கள். ஆனால் கப்பலில் ஆணி மிஞ்சாது. மூட்டை முடிச்சு போனபின் பலகையைப் பிளப்பார்கள், கடைசியில் இரும்புக்காகக் கூட்டைக் கொளுத்துவார்கள். பிளாமோவே சின்ன வயதில் ஒரு போர்த்துகீசியக் கப்பலை வெட்டியவன்தான்.

"நான் போய்ப் பேசுறேன் தொரை" என்று தோணியில் இறங்கினான்.

அண்ணன் வெசே மணலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"வாடா. இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் வீட்டுக்கு ஏதோ உருப்படியா கொண்டாந்திருக்கே."

ஊர் சிரித்தது.

"அண்ணே, கப்பல் இன்னும் சாகல. சாயங்கால ஏத்தத்துல எந்திரிச்சிடும். அதுவரைக்கும் யாரும் கை வைக்காம இருக்கணும். அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"பாறை புடிச்சது ஊருக்கு. உனக்கு நான் பாடம் எடுக்கணுமா?"

"நாப்பது பொம்பளைங்க இருக்காங்கண்ணே. அவங்க சொத்து மொத்தமும் அந்த மூட்டையிலதான். அப்புறம் நம்ம ஊர் ஆளை எந்தக் கப்பல்காரன் ஏத்துவான்?"

"ஏத்தாம இருந்தா நல்லது." வெசேவின் சிரிப்பு போய்விட்டது. "என் மூத்த மகனை நீதான்டா ஏத்திட்டுப் போனே. லேகோஸ் கழிமுகத்துல படகு கவுந்துச்சு. உன் கப்பல் அவனுக்காக எவ்வளவு நேரம் நின்னுச்சு? சொல்லு."

அரை மணி நேரம் நின்றது. அது அண்ணனுக்கும் தெரியும். வெசே கெட்டவர் இல்லை. அவருக்குக் கப்பல் மேல் இருந்த கோபத்துக்கு அவரிடம் நியாயம் இருந்தது.

"சரி, ஆகவேண்டியதைப் பாருங்க" என்றார் வெசே. "முதல் கோடாலி யாருக்கு?"

கப்பலைப் பாறைக்குக் கொண்டுவந்தவருக்கு முதல் கோடாலி. பெரும்பாலும் அதை முதலில் கண்டவருக்கு. அவர்தான் முதல் வெட்டு வெட்ட வேண்டும், பிடித்ததை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த வெட்டு விழும்வரை மற்றவர் விரல் வைக்கக் கூடாது. நான் கண்டேன், நீ கண்டாய் என்று இரண்டு பேர் எழும்பினார்கள்.

பின்னாலிருந்த கிழவர் ஒருவர் கையைத் தூக்கினார். "யாரு கண்டா என்ன? மேட்டுல இன்னிக்கு நாம புகையே போடலையே. கப்பல் எந்தப் புகையைப் பாத்துத் திரும்புச்சு? கிழக்கால புதுக் காட்டுல காலையில நெருப்பு வச்சது யாரு?"

கூட்டம் விலகியது. மூனா வந்துகொண்டிருந்தாள். விதைப்புக்காகப் புதிதாய் வெட்டிய காட்டை விடியலில் கொளுத்திவிட்டு, சத்தம் கேட்டு நேராகக் கரைக்கு வந்திருந்தாள். முழங்கை வரைக்கும் கரி, துணி ஓரத்தில் நெருப்புப் பொத்தல்.

பிளாமோ அவள் கையைப் பார்த்தான், கிழக்கே இன்னும் எழும்பிக்கொண்டிருந்த புகையைப் பார்த்தான். என் ஊரு, எனக்குத் தெரியாதா என்று கேப்டனிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. அவன் வயல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதுகூட அவனுக்குத் தெரியாது. வெட்கத்தில் காது எரிந்தது.

வெசே மறுபடியும் குஷியாகிவிட்டார். தன் கோடாலியையே எடுத்து நீட்டினார். "புடிம்மா. உன் புருஷன் பத்தொம்பது வருஷமா கொண்டு வராததை நீ ஒரே காலையில கொண்டாந்துட்டே. போ, முதல் வெட்டு உன்னுது."

மூனா கோடாலியை வாங்கி எடை பார்த்தாள். கப்பலைப் பார்த்தாள். இவ்வளவு அருகில் அவள் அதைப் பார்த்ததே இல்லை.

"பெரியத்தான், முதல்ல எதை வேணா எடுக்கலாமா?"

"எதை வேணா. பித்தளையோ பீங்கானோ பெட்டியோ, உன் இஷ்டம்."

"யாரும் அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?"

"என் வாயால சொல்றேன்ல?"

"அப்போ இவன்." கோடாலிக் காம்பால் பிளாமோவின் நெஞ்சைத் தொட்டாள். "அந்தக் கப்பல்லேர்ந்துதானே இறங்கினான்? கப்பல் சாமான்தான். இவனை எடுத்துக்கிறேன்."

கரை முழுக்கச் சிரிப்பு வெடித்தது. பெண்கள் தொடையில் அடித்துக்கொண்டார்கள். "பழைய சாமான்டி, பாத்து எடு!" என்று ஒருத்தி கத்தினாள். "உள்ள கரையான் இருக்கும்!" என்றாள் இன்னொருத்தி. மூனா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"எடுத்துட்டே. சரி, போய் வெட்டு" என்றார் வெசே.

"வெட்டல."

"என்னது?"

"எனக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. நான் வெட்டல. நான் வெட்டாம நீங்களும் தொட முடியாது. நீங்கதான் சட்டம் சொன்னீங்க, பெரியத்தான்."

வெசே எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பெண்கள் கூட்டம் மெதுவாக நகர்ந்து வந்து மூனாவின் பின்னால் நின்றது. சேபோவில் பெண்கள் மொத்தமாக ஒரு பக்கம் நின்றுவிட்டால் ஆண்கள் வீடு போய்ச் சேர வேண்டியதுதான், சோறு கிடைக்காது. வெசே மறுபடி முக்காலியில் உட்கார்ந்தார். "பொம்பளைகிட்ட கோடாலியைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்று முணுமுணுத்தார்.

மூனா பிளாமோவைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"போ. உன் கப்பலை, அவளை எழுப்பு. என் நெருப்பாலதானே விழுந்தா, அந்தப் பாவம் எனக்கு வேணாம். ஆனா அவ எந்திரிச்சதும் நீ இறங்கிடணும்."

"மூனா, ஓட்டைக் கப்பல். இந்தத் தடவை மட்டும் ஃப்ரீடவுன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டு..."

"இந்தத் தடவை மட்டும்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? விரல் பத்தலை."

"நான் வரலைன்னா?" அவனையும் அறியாமல் கேட்டுவிட்டான்.

மூனா கோடாலியைக் கை மாற்றிக்கொண்டாள். "வரலைன்னா ஒண்ணுமில்ல. அவ மிதந்துட்டா இந்தக் கோடாலி எட்டாது. நான் என்ன பண்ண முடியும்?"

அதட்டியிருந்தால் அவனும் அதட்டியிருப்பான். அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். "வர்றேன்" என்றான்.

"சத்தமா சொல்லு."

"வர்றேன்!" என்று ஊருக்குக் கேட்கச் சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினான்.

பகல் முழுக்க வேலை நடந்தது. கோட்டும் தொப்பியும் ஒரு மூலையில் குவிந்தன. கூடை கூடையாக நிலக்கரியைக் கடலில் கொட்டினார்கள். எண்ணெய்ப் பீப்பாய்களை உருட்டிவிட்டார்கள். வியாபாரப் பெண்களும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரிசையில் நின்று கூடை கைமாற்றினார்கள். நங்கூரத்தைப் படகில் ஏற்றி ஆழத்தில் கொண்டுபோய்ப் போட்டான் பிளாமோ. ஓய்ந்த நேரத்தில் கரையைப் பார்த்தால், மடியில் கோடாலியோடு மூனா வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி வெசே.

"அந்தப் புகை என்னய்யா ஆச்சு?" என்று நடுவில் கேட்டார் கேப்டன்.

"தப்பு என்னுது தொரை. அப்படியே எழுதிக்குங்க."

நாலரை மணிக்குக் கப்பல் லேசாகப் புரண்டது. ஐந்து மணிக்கு இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டி, நங்கூரக் கயிற்றை முப்பது பேரும் இழுக்க, ஒரு பெரிய முனகலோடு பாறையை விட்டு நழுவியது. மேல்தட்டில் கூச்சலும் அழுகையும் பாட்டும். பிளாமோ மட்டும் அசையாமல் நின்றான். உள்ளங்காலில் அந்தத் துடிப்பு திரும்பி வந்துவிட்டது. இடது பம்பு ஒரு அடி தப்பித் தப்பி அடித்தது. அதை எங்கே தட்டினால் சரியாகும் என்று அவனுக்குத் தெரியும்.

"நிக்க முடியாது சுடுதண்ணி. இப்படியே ஃப்ரீடவுன் ஓடிடணும்" என்று கேப்டன் கைகுலுக்கினார். "உன்னை விடமாட்டேன் பாரு. அடுத்த வருஷம் எனக்குப் புதுக் கப்பல் தர்றாங்க. நீதான் அதுக்கும் மேஸ்திரி."

கேப்டன் மேலே போய்விட்டார். பம்பு அடிக்கக் கைகள் வேண்டுமென்று பாதிப் பேர் ஃப்ரீடவுன் வரை போக ஒப்புக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் ஏற்கெனவே தோணிகளில் கரைக்குப் போய்விட்டார்கள். கரை மெல்ல நகர்ந்தது. மூனா எழுந்து நின்றிருந்தாள். கூப்பிடவில்லை, கையாட்டவில்லை.

பிளாமோ பட்டாணி சூப்பைத் தேடிப் பிடித்தான். "இடது பம்புல மேல் வளையத்தைத் தட்டு. மெதுவா. ரொம்ப இறுக்காதே."

"நீயே தட்டேன் மேஸ்திரி."

"நீதான்டா மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் குதித்தான்.

ஆக்டேவியா அதற்குப் பிறகும் நாலு வருடம் ஓடியது. ஓட்டையை அடைத்து, சாயம் பூசி, தோற்றுப்போகாத கிழவிபோல் வந்துபோனது. கடைசியில் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, மற்றக் கப்பல்களுக்குக் கரி வைக்கும் கிடங்காக ஃப்ரீடவுன் துறைமுகத்தில் கட்டிப்போட்டார்கள். பிளாமோ அதைப் போய்ப் பார்க்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டதோடு சரி.

அன்று சாயங்காலம் அவன் அலையில் புரண்டு, மணலில் நாலு காலில் ஏறி வந்தான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. வெசே மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அவனுக்கு ஏதாச்சும் துணி குடுங்க" என்றார்.

அப்போது கடலில் சங்கு ஊதியது. இரண்டு குட்டை ஊதல். கொஞ்சம் விட்டு மறுபடி இரண்டு குட்டை ஊதல்.

"என்னவாம்?" என்றாள் மூனா.

"மேஸ்திரியைக் கூப்பிடுது. நான் குதிச்சது தொரைக்கு இன்னும் தெரியாது."

"வரலைன்னா?"

"மூணு தடவை கூப்பிடும். அப்புறம் அடுத்த ஆளைக் கூப்பிடும்."

மூன்றாவது தடவையும் ஊதியது. பிளாமோ தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றான். கப்பல் புகைவிட்டுக்கொண்டு சிறுத்துப் போனது. அது போவதைக் கரையில் நின்று அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு ஒரு நெட்டை ஊதல், ஒரு குட்டை ஊதல். அடுத்த ஆளுக்கான அழைப்பு.

பிளாமோ மணலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. யாராவது சிரிக்கிறார்களா என்று மூனா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவளும் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழு" என்றாள். "நானும் ஒவ்வொரு தடவையும் இந்த எடத்துலதான் உக்காந்து அழுதிருக்கேன்."